குற்றமில்லை என்று சொன்னவனே கொடுத்த மரண தண்டனை: இயேசுவின் விசாரணையும் பாடுகளும் கிறிஸ்தவத்தில் ஏன் மையமாக இருக்கின்றன?

தவக்காலம் வந்துவிட்டால் சேலம் அரிசிபாளையத்தில் உள்ள குழந்தை இயேசு பேராலயத்திலும் ஏற்காட்டுத் திருஇருதய ஆலயத்திலும் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை நடக்கிறது. மலையில் காபிச் செடிகள் பூக்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். சவுக்கும் முள்முடியும் இரத்தமுமாகச் சிலர் நடித்துக் காட்டும் பாடுகளின் காட்சிகள் நாளிதழ்களில் படமாக வரும்போது, கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. கடவுளாக வணங்கப்படும் ஒருவர் அடிபட்டுச் சாவதை ஏன் ஆண்டுதோறும் இவ்வளவு விரிவாக நினைக்க வேண்டும்? அவரைக் கொன்றது யார்? அது கடவுளின் திட்டம் என்றால், கொன்றவர்கள் மீது என்ன குற்றம்?

ஆலயத்துக்குள் இருப்பவர்களிடம் கேட்டால் "நம் பாவங்களுக்காக மரித்தார்" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரி சரியானதே. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கைது இருக்கிறது, இரண்டு விசாரணைகள் இருக்கின்றன, ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவற்றைத் தாண்டிக் குதித்து நேராகச் சிலுவைக்குப் போனால், சிலுவையும் புரியாமல் போய்விடுகிறது. விசாரணையிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

## முதலில் சில சொற்கள்

1. பாடுகள்: கடைசி இரவு உணவுக்குப் பின் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு கைதானது முதல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரையிலான நிகழ்வுகள்.

2. தவக்காலம்: சாம்பல் புதனில் தொடங்கும் நாற்பது நாள். ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கணக்கில் சேராது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இதை லெந்து நாட்கள் என்பார்கள்.

3. புனித வாரம்: குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஆகியவை அடங்கிய வாரம். அடுத்து வருவது உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழு நிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

4. சிலுவைப்பாதை: இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியைப் பதினான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நின்று செபிக்கும் வழக்கம். பதினான்கு என்ற எண்ணிக்கையை 1731-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதிசெய்தார். மூன்று முறை கீழே விழுவது, வெரோணிக்கா முகம் துடைப்பது போன்ற சில நிலைகள் பைபிளில் இல்லை, மரபில் வந்தவை.

பெரிய வெள்ளி துக்க நாள். அன்று கிறிஸ்தவ நண்பர்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புபவர்கள் அன்பினால்தான் அனுப்புகிறார்கள். ஆனால் வாழ்த்துக்குரிய நாள் ஈஸ்டர் ஞாயிறு.

## ஒரு கைதி, இரண்டு விசாரணைகள்

கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் யூதேயா ரோமப் பேரரசின் பிடியில் இருந்தது. கி.பி. 26 முதல் 36 வரை அங்கே ஆளுநராக இருந்தவன் பொந்தியு பிலாத்து. செசரியா என்ற கடற்கரை நகரத்தில் 1961-ல் கிடைத்த ஒரு கல்வெட்டில் அவன் பெயரும் பதவியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மத விவகாரங்களை எருசலேமில் தலைமைக் குரு கயபாவும் யூதர்களின் உயர் மன்றமான தலைமைச் சங்கமும் கவனித்து வந்தார்கள். அந்தத் தலைமைக் குருவை நியமிப்பதும் நீக்குவதும்கூட ரோமர் கையில்தான் இருந்தது. வடக்கே கலிலேயாவை ரோமின் தயவில் ஏரோது அந்திப்பா ஆண்டான்.

சம்பவம் நடந்தது பாஸ்கா விழாவின்போது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து யூதர்கள் விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா அது. விடுதலையைக் கொண்டாடப் பெருங்கூட்டம் கூடும் நகரத்தில், ஆளும் அந்நியர்களுக்குக் கலவரப் பயம் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்களையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் வரிசை இது:

1. இரவில் கெத்சமனித் தோட்டத்தில் கைது. காட்டிக்கொடுத்தவன் சீடர்களில் ஒருவனான யூதாசு. மற்றவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

2. தலைமைக் குருவின் வீட்டில் விசாரணை. சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுகிறார்கள் என்கிறார் மாற்கு. கடைசியில் "நீ மெசியாவா?", அதாவது யூதர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பரா, என்ற நேரடிக் கேள்விக்கு இயேசு ஆம் என்கிறார். குற்றச்சாட்டு: தெய்வ நிந்தனை. வெளியே முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுக்கிறார்.

3. விடிந்ததும் பிலாத்துவிடம். இங்கே குற்றச்சாட்டு மாறிவிடுகிறது. ரோமப் பேரரசன் சீசருக்கு வரி கட்டக் கூடாது என்கிறான், தன்னையே அரசன் என்று சொல்லிக்கொள்கிறான் என்று குற்றம் சாட்டுகிறார்கள். தெய்வ நிந்தனையைப் பற்றி ரோம ஆளுநனுக்குக் கவலை இல்லை. ராஜத்துரோகம் என்றால் அவன் கேட்டே ஆக வேண்டும்.

4. கைதி கலிலேயாவைச் சேர்ந்தவர் என்று அறிந்ததும் பிலாத்து அவரை ஏரோதுவிடம் அனுப்புகிறான். ஏரோது ஏளனம் செய்து, பளபளப்பான ஆடை உடுத்தித் திருப்பி அனுப்புகிறான். இதை லூக்கா மட்டும் சொல்கிறார்.

5. விழாவை முன்னிட்டு ஒரு கைதியை விடுவிக்கும் வழக்கப்படி, கலகத்தில் கொலை செய்தவனான பரபாவா, இயேசுவா என்று பிலாத்து கேட்கிறான். கூட்டம் பரபாவைக் கேட்கிறது.

6. சாட்டையடி, முள்முடி, தீர்ப்பு, சிலுவை.

சிலுவையின்மேல் வைத்த பலகையில் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் 'நாசரேத்து இயேசு யூதர்களின் அரசன்' என்று எழுதியிருந்தது. சட்டத்தின் கண்ணில் அவர் செத்தது எந்தக் குற்றத்துக்காக என்பதற்கு அந்தப் பலகையே சான்று. மத விவாதமாகத் தொடங்கியது அரசியல் வழக்காக முடிந்தது.

பைபிளுக்கு வெளியிலும் இதற்குச் சான்று உண்டு. திபேரியு பேரரசனின் காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவர்கள் மீது துளியும் பரிவு இல்லாதவர். ஆகவே அந்தக் குறிப்புக்கு எடை அதிகம்.

அதேசமயம், நான்கு நற்செய்தியாளர்களும் ஒரே அறிக்கையைப் படியெடுத்தவர்கள் அல்லர். பிலாத்து கை கழுவும் காட்சியும் அவன் மனைவியின் கனவும் மத்தேயுவில் மட்டும் வருகின்றன. கடைசி உணவு பாஸ்கா விருந்தா, அதற்கு முந்திய நாள் உணவா என்பதில் யோவான் மற்ற மூவரிடமிருந்து வேறுபடுகிறார். இரவு விசாரணை முறையான வழக்கா, வெறும் முன்விசாரணையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. யூத அறிஞர் பிலோ, வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இருவரும் காட்டும் பிலாத்து ஈவிரக்கமில்லாதவன். நற்செய்திகளில் வரும் பிலாத்துவோ தயங்குகிறான், தடுமாறுகிறான். ரோம ஆட்சியின் கீழ் உயிர்வாழ வேண்டியிருந்த முதல் கிறிஸ்தவர்கள் ரோமன் மீதான பழியைக் குறைத்து எழுதினார்கள் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

## சிலுவை என்ற தண்டனை

இன்று கழுத்துச் சங்கிலியில் தொங்கும் அடையாளம் அன்று வாயால் சொல்லவும் கூசும் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. ரோமக் குடிமக்களுக்குப் பொதுவாக இல்லை. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் எழுச்சி ஒடுக்கப்பட்டபின், கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரத்தில் ஆறாயிரம் பேர் சிலுவையில் தொங்கவிடப்பட்டார்கள். 1968-ல் எருசலேம் அருகே ஒரு கல்லறையில், ஆணி பாய்ந்த நிலையிலேயே ஒருவரின் குதிகால் எலும்பு கிடைத்தது. உயிரைப் பறிப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் வாள் போதும். ஊர் பார்க்க, ஆடையுரிந்து, நாள் முழுதும் அவமானப்படுத்திக் கொல்வது ஓர் எச்சரிக்கைப் பலகை.

## நற்செய்திகள் எங்கே நின்று பேசுகின்றன?

பாடுகளை நாடகமாக நடத்துபவர்களும் அதைக் காட்சியாக்குபவர்களும் பெரும்பாலும் இரத்தத்தில் நின்றுவிடுகிறார்கள். மூல நூல்களை எடுத்துப் படித்தால் வியப்பு காத்திருக்கிறது. சாட்டையடியை மாற்கு ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒரே சொல்லாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். ஆணி அறைந்த கணத்துக்கு எந்த நற்செய்தியிலும் வருணனை இல்லை. 'சிலுவையில் அறைந்தார்கள்' என்பதோடு சரி. ஆனால் பிலாத்துவின் முன் நடந்த விசாரணைக்கு யோவான் ஏறக்குறைய முப்பது வசனங்களை ஒதுக்குகிறார்.

அந்தக் காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பாஸ்கா உணவு உண்ணவிருப்பதால், தீட்டுப்படாதிருக்க, குற்றம் சாட்டுபவர்கள் ஆளுநன் மாளிகைக்குள் நுழைய மறுக்கிறார்கள். ஒருவரைச் சாகடிக்க வந்தவர்களுக்கு வாசற்படித் தீட்டு பெரிதாக இருக்கிறது. எனவே நீதி வழங்க வேண்டியவன் உள்ளே கைதியிடமும் வெளியே கூட்டத்திடமுமாக மாறி மாறி நடக்கிறான். உள்ளே அமைதியான உரையாடல். உண்மைக்குச் சான்று பகரவே வந்தேன் என்கிறார் இயேசு. "உண்மையா? அது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பிலாத்து வெளியே போகிறான். இவனிடம் குற்றம் எதையும் நான் காணவில்லை என்று மூன்று முறை அறிவிக்கிறான். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல்: இவனை விட்டுவிட்டால் நீர் சீசரின் நண்பர் அல்ல. அவ்வளவுதான். பதவிக்கு ஆபத்து என்றதும் வழக்கு முடிந்துவிடுகிறது.

தமிழருக்குக் குற்றமற்றவர் தண்டிக்கப்பட்ட கதை புதிதல்ல. மதுரையில் கோவலன் வெட்டுண்டபோது விசாரணையே நடக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னதை நம்பினான் பாண்டியன். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபின், தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிர் விட்டான். தெரியாமல் செய்த அநீதி அது. தெரிந்ததும் அவன் வாழவில்லை. எருசலேமில் நடந்தது இதற்கு நேர்மாறு. விசாரணை நடந்தது, சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள், ஏரோதுவின் கருத்தும் கேட்கப்பட்டது. குற்றமில்லை என்று தெரிந்த பிறகுதான் தண்டனை வருகிறது. மத்தேயு சொல்வதன்படி, தீர்ப்புச் சொன்னவன் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவிக்கொண்டு தொடர்ந்து பதவியில் இருந்தான். எல்லா நடைமுறையும் ஒழுங்காக நடக்க நடக்கவே அநீதி நிறைவேறுகிறது என்பதுதான் இந்த வழக்கின் கொடுமை.

கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதர்களின் பெயர்கள் உண்டு. ஒன்று, அவரைப் பெற்ற மரியா. மற்றொன்று, 'பொந்தியு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு' என்று வரும் அந்த ஆளுநன். பேதுருவுக்கும் பவுலுக்கும் இல்லாத இடம் அவனுக்கு. இது ஏதோ ஒரு யுகத்தில் நடந்த புராணம் அல்ல, ஓர் அரசின் ஓர் அதிகாரி கையெழுத்தில் நடந்தது என்று திருச்சபை வாரந்தோறும் பதிவு செய்கிறது. சிலுவைப்பாதையின் முதல் நிலையும் தீர்ப்புதான்: இயேசு சாவுக்குத் தீர்ப்பிடப்படுகிறார்.

## அப்படியானால் அந்தச் சாவுக்கு என்ன பொருள்?

இதற்கு ஒரே பதிலைத் திருச்சபை ஒருபோதும் சட்டமாக்கவில்லை. இயேசு யார் என்பதை வரையறுக்கப் பழைய பொதுச்சங்கங்கள், அதாவது ஆயர்களின் பேரவைகள், பல முறை கூடின. அவருடைய சாவு எப்படி மீட்புத் தருகிறது என்பதற்கு அப்படியொரு வரையறை எழுதப்படவில்லை. வரலாற்றில் நான்கு விளக்கங்கள் வலுவாக இருந்திருக்கின்றன.

1. மீட்பு விலை. பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்ததாக இயேசுவே சொல்வதாக மாற்கு எழுதுகிறார். அடிமையைப் பணம் கொடுத்து மீட்பது அன்று எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. ஆனால் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? சாத்தானுக்கு என்று தொடக்கத் திருச்சபையில் சிலர் சொன்னார்கள். கொள்ளைக்காரனுக்குக் கூலியா என்று நான்காம் நூற்றாண்டிலேயே நாசியான்சு நகர் கிரகோரி சினந்து மறுத்தார்.

2. ஈடு அல்லது பதில் தண்டனை. இங்கிலாந்தின் கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் 1098-ல் எழுதி முடித்த நூலில், பாவம் கடவுளின் மாண்புக்கு இழைத்த குறை, அதை நிரப்ப மனிதனால் இயலாது, எனவே கடவுளே மனிதராகி நிரப்பினார் என்று வாதிட்டார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் இதை நீதிமன்றத்தின் மொழிக்குக் கொண்டுவந்தார்கள்: நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார். தமிழகத்தின் நற்செய்திக் கூட்டங்களில் இன்று அதிகம் கேட்பது இதைத்தான்.

3. அன்பின் வெளிப்பாடு. கடவுள் எவ்வளவு தூரம் வருவார் என்பதைச் சிலுவை காட்டுகிறது; அதைப் பார்க்கும் மனம் மாறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டுடன் சேர்த்துச் சொல்லப்படும் விளக்கம்.

4. வெற்றி. பாவம், சாவு, அதிகாரம் ஆகிய மூன்றும் தங்கள் முழு வலிமையையும் ஒரு குற்றமற்றவர் மீது செலவிட்டுத் தோற்றன. உயிர்ப்பு அதன் அறிவிப்பு.

இரண்டாவது விளக்கத்தைக் கவனமில்லாமல் சொன்னால் பெருங்கேடு விளைகிறது. கோபக்காரத் தந்தை ஒருவர் யாரையாவது அடித்தே ஆக வேண்டும் என்று நிற்க, மகன் குறுக்கே விழுந்து அடி வாங்கியது போல அது ஒலிக்கிறது. கிறிஸ்தவக் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. தந்தையும் மகனும் ஒரே கடவுள் என்பதே அடிப்படை. அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் கடவுள். தீர்ப்பிட உரிமையுள்ள ஒரே ஒருவர், தீர்ப்பிடப்படுபவரின் இடத்தில் நிற்கிறார். வேறு எதைச் சொல்லி இதை விளக்கினாலும், இந்த இடமாற்றத்தை விட்டுவிட்டால் விளக்கம் கெட்டுப்போகும்.

விசாரணையை மையமாக வைத்துப் படிப்பவர்களுக்கு நான்காவது விளக்கம் தனி ஒளி பெறுகிறது. முதல் கிறிஸ்தவர்களின் வரலாறு சொல்லும் பைபிள் நூலான திருத்தூதர் பணிகளில் பேதுருவின் முதல் உரைகளைப் பாருங்கள். நேர்மையாளரை மறுதலித்தீர்கள், கொலைகாரனை விடுவிக்கக் கேட்டீர்கள், கடவுளோ அவரை உயிர்ப்பித்தார் என்கிறார். மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானதைப் போன்ற மொழி அது. உயிர்ப்பு என்பது இறந்தவர் பிழைத்த அற்புதம் மட்டும் அன்று. தண்டிக்கப்பட்டவர் சொன்னதே சரி, தண்டித்த அமைப்பே குற்றவாளி என்ற கடவுளின் தீர்ப்பு. இந்தச் சாவில் மனிதருடைய பாவம் அம்பலமானது, அதே சாவில் அது மன்னிக்கவும்பட்டது. "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று அவர் வேண்டியது ஆணி அறைந்தவர்களுக்காக. தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: கடவுள் அந்தச் சாவிலிருந்து மீட்பைக் கொண்டுவந்தார் என்பதால், கொன்றவர்கள் செய்தது நியாயமாகிவிடாது.

## யார் கொன்றார்கள்?

'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும்' என்று கூட்டம் கத்தியதாக மத்தேயுவில் ஒரு வசனம் உண்டு. ரோமனின் பங்கைச் சிறிதாக்கிய எழுத்து, இந்த வசனத்தோடு சேர்ந்து, பல நூற்றாண்டுகளாக யூத மக்கள்மீது கொலைப்பழி சுமத்தப் பயன்பட்டது. ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்கள் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்த வாரமாக இருந்த ஊர்கள் உண்டு. இயேசு யூதர், அவருடைய தாய் யூதர், அழுதுகொண்டே அவர் பின்னால் சென்ற பெண்களும் யூதர்கள் என்பதைச் சிலுவையை வணங்கியவர்களே மறந்துபோனார்கள். இது கிறிஸ்தவ வரலாற்றின் வெட்கம்.

1965 அக்டோபர் 28 அன்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக மறுத்தது: அவருடைய பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர்கள் அனைவர் மீதும் சுமத்த முடியாது, இன்றைய யூதர்கள் மீதும் சுமத்த முடியாது. அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, திரிதெந்தின் பொதுச்சங்கத்தை அடுத்து வந்த மறைக்கல்வி நூல், சிலுவைக்குப் பொறுப்பானவர்கள் பாவிகளாகிய நாம்தான் என்று கற்பித்திருந்தது. ஏட்டில் இருந்தது, மனதில் ஏறவில்லை.

வழிபாடு இதை எப்படிக் கையாள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பெரிய வெள்ளி பிற்பகலில் சேலத்தின் எந்தக் கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனாலும் யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு முழுதாக வாசிக்கப்படும். மேசையில் விரிப்பு இல்லை, மணியோசை இல்லை. வழக்கமாக வாசிப்பவர்கள் மூவர்: ஒருவர் கதை சொல்ல, ஒருவர் இயேசுவாக, ஒருவர் மற்றவர்களாக. பல இடங்களில் கூட்டத்தின் பகுதி மக்களுக்கு வந்துவிடுகிறது. காலையிலிருந்து நோன்பிருந்து, வெறுங்காலுடன் வந்து நிற்கும் பாட்டியும் பேரனும் சேர்ந்து "ஒழிக! ஒழிக! அவனைச் சிலுவையில் அறையும்!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறிது நேரத்தில் அதே மக்கள் வரிசையில் வந்து அதே சிலுவையை முத்தமிடுவார்கள். யார் கொன்றது என்ற கேள்விக்கு எந்த மறையுரையையும்விட இது தெளிவான பதில். நானூறு ஆண்டுகளுக்கு முன், 1623-ல், தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சேலம் வட்டாரத்துக்கு வந்து தமிழில் போதித்தார். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டமானது. இத்தனை காலமும் இங்கே இந்தக் கதையைக் கேட்டவர்களுக்குக் குற்றவாளி வேறு ஊரில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வழி இருக்கக் கூடாது.

## துன்பத்தைப் போற்றும் மதமா?

இல்லை. ஆனால் அப்படி ஆக்கியவர்கள் உண்டு. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் "உன் சிலுவையை நீ சும" என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் எல்லாச் சபைகளிலும் இருந்திருக்கிறார்கள். இது பாடுகளின் வரலாற்றையே படிக்காதவர்களின் அறிவுரை.

இயேசு துன்பத்தைத் தேடிப் போகவில்லை. முடியுமானால் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கெத்சமனியில் வியர்த்து வேண்டினார். சிலுவையில் "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22-ஆம் திருப்பாடலின் முதல் வரியைக் கதறினார். அதைவிட முக்கியமானது யோவான் மட்டும் பதிவு செய்திருக்கும் ஒரு நிமிடம். தலைமைக் குருவின் விசாரணையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். கைகள் கட்டப்பட்ட கைதி திரும்பிக் கேட்கிறார்: நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர்? மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர்தான் இவர். திருப்பி அடிக்கவில்லை; அடித்தது சரி என்று தலைகுனியவும் இல்லை. பாடுகளின்போது அவர் காட்டிய மௌனத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்கிறோம். இந்தக் கேள்வியைப் பற்றியும் கேட்க வேண்டும்.

1980-களில் இந்தியாவில் எழுந்த தலித் இறையியல் இன்னொன்றைக் கவனித்தது. பைபிளில் உள்ள எபிரேயர் திருமுகம் இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்கிறது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு இந்த இடக்குறிப்பின் எடை உடனே புரியும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த தமிழகக் கிறிஸ்தவர்கள், ஊருக்கு வெளியே செத்தவரின் சிலுவையை எந்தப் பக்கத்தில் நடுவது என்று யோசித்தார்களா தெரியவில்லை. கடவுள் ஊருக்கு வெளியே இருந்தார் என்றால், வாயிலை மூடி வைத்தவர்களே மனம் மாற வேண்டியவர்கள்.

## இதன் விளைவு: சிறையில் இருப்பவரை எப்படிப் பார்ப்பது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ் அஸ்தம்பட்டி வழியாகச் செல்கிறது. சேலம் மத்திய சிறை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அதற்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வைக்கப்பட்டுப் பின் இறந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், பிணை நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு.

இரவில் கைதாகி, காவலில் அடிபட்டு, பொய்ச் சாட்சி கேட்டு, குற்றமில்லை என்று தெரிந்தும் கொல்லப்பட்டவரைக் கடவுள் என்று அறிக்கையிடும் மதத்துக்கு இந்தச் செய்திகள் வெளி விவகாரம் ஆக முடியாது. அதன் விளைவுகள் சில ஏற்கெனவே தெரிகின்றன:

1. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வியைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று எழுதச் செய்தார். அதற்கு முன் சில சூழல்களில் அதற்கு இடம் இருந்தது. சிலுவையை நடுவில் வைத்த திருச்சபை இந்த முடிவுக்கு வர இவ்வளவு நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது நியாயப்படுத்த முடியாத தாமதம்.

2. கைதிகளைச் சந்திப்பதற்கும், அவர்கள் குடும்பங்களுக்கு உதவுவதற்கும், சட்ட உதவிக்கு வழி செய்வதற்கும் சிறைப்பணி என்றே தனிப் பணி நடக்கிறது. சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியதே இதற்கு அடிப்படை. அங்கே 'குற்றமற்றவனாய்ச் சிறையில் இருந்தேன்' என்ற நிபந்தனை இல்லை.

3. பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்துப் பொது மன்றாட்டுகள் சொல்லப்படுகின்றன. ஆறாவது யூத மக்களுக்காக. பழைய இழிசொல் நீக்கப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டது. ஒன்பதாவது நாட்டை ஆளுபவர்களுக்காக. பிலாத்துவின் பெயரைக் கேட்ட சில நிமிடங்களில் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக வேண்டுவது தற்செயல் என்று தோன்றவில்லை. பத்தாவது துன்புறுவோருக்காக: நோய் நீங்க, பசி ஒழிய, சிறைகள் திறக்க, கட்டுகள் அவிழ.

பத்தாவது மன்றாட்டைச் சொல்லிவிட்டு வெளியே வருபவர்களுக்கு அஸ்தம்பட்டி தூரமில்லை. விசாரணைக் கைதி ஒருவருக்கு வக்கீல் இருக்கிறாரா, பிணை நிற்க யாராவது இருக்கிறார்களா என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் பங்குச் சபைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கவும் தடையில்லை.